களப்பயணமா, ஆணைச்சீட்டா?

வன்னியில் பிறர் செலவில் ஊர் பார்க்கும் வழிகளுள் மிகுந்த ஆரவாரத்துடன் நடப்பது, பயிற்சி என்ற பெயரில் கமக்காரர் போன்றோரை அரச பணத்தில் வெளியூருக்கு அழைத்துச் செல்லும் களப்பயணம். சத்தமின்றி நடப்பது, அரச ஊழியருக்குரிய விடுமுறைப் புகையிரத ஆணைச்சீட்டில், அதாவது கட்டணமின்றி ரயிலேற உதவும் சீட்டில், போகும் பயணம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று என்பது என் கருத்து.

ஆணைச்சீட்டு விதிகளின்படி கிடைக்கும் உரிமை. விடுமுறைக்கு என்றே அது வழங்கப்படுவதால், குடும்பத்துடன் நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவைப் பார்த்து வருபவர் எவருக்கும் அறிக்கை எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் இல்லை. கிளிநொச்சிக்கு 2013 இல் ரயில் திரும்பியது. முல்லைத்தீவிலோ தண்டவாளமே இல்லாததால், அங்குள்ள ஊழியர் முதலில் மாங்குளம்வரை பேருந்தில் வரவேண்டும்.

களப்பயணத்தின் சிக்கல் அதன் பெயரிலேயே தொடங்குகிறது. அரச ஒதுக்கீடு டிசம்பர் 31 உடன் காலாவதியாகும் என்பதால், ஆண்டுக் கடைசியில் அவசரமாகப் பேருந்து பிடிக்கப்படுகிறது. அப்போது பெரும்போக நெல் வயலில் நிற்கும்; உண்மையான கமக்காரர் வரமாட்டார், எல்லாச் சங்கங்களிலும் பதவி வகிக்கும் அதே சிலர் வருவார்கள். ஓடும் பேருந்தில் வரவுப்பதிவுத் தாள் கைமாறும். ஹக்கலப் பூங்கா வாசலில் பதாகை விரிக்கப்பட்டுப் படம் எடுக்கப்படும். பயிற்சி அத்துடன் முடிந்துவிடும். இதே பணத்தில் நெல் விதைப்போரைப் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கும், வெங்காயம் செய்வோரைத் தம்புள்ளைப் பக்கத் தோட்டங்களுக்கும் அழைத்துச் சென்றிருக்கலாம். அதன்பின் ஒரு மாலை கண்டியில் கழிந்தால் அதை நான் குறைசொல்லமாட்டேன். அந்த மாலையும் கணக்கில் மாலையாகவே எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான்.

நலன்புரிச் சங்கச் சுற்றுலா சந்தாப் பணத்தில் நடப்பதால், அலுவலக வாகனமும் டீசலும் அதில் கலக்காதவரை, கேள்விக்கு இடமில்லை.

இலக்கை எட்டிய காப்புறுதி முகவருக்கு நிறுவனம் அளிக்கும் வெளிநாட்டுப் பயணம் தனியார் பணம்தான். ஆயினும் அந்த இலக்குக்காக, தவணை கட்ட இயலாதவர் தலையிலும் ஆயுள் காப்புறுதி கட்டப்படுகிறது. முதல் ஓரிரு ஆண்டுகளில் அவர் கைவிட்டால் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. எனக்கு இதுவே களப்பயணத்தைவிட உறுத்துகிறது.

களப்பயணத்தையாவது கேள்வி கேட்க முடியும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ விண்ணப்பித்தால், 14 வேலை நாள்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். பேருந்து, விடுதிப் பற்றுச்சீட்டுகளுடன் பயணிகளின் பெயர்ப்பட்டியலையும் கேட்பது நல்லது. முந்தைய ஆண்டுப் பட்டியலையும் சேர்த்துக் கேட்டால் இன்னும் நல்லது.