பழைய சீலிங் ஃபேன்: காயலான் கடைக்கா, பழம்பொருள் கடைக்கா?

வார்ப்பிரும்பு ஃபேனைக் காயலான் கடையில் போட்டால் வேலை பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் பெரும்பாலும் முழு எடைக்கும் இரும்பு விலைதான். உள்ளே இருக்கும் செம்புக் காயிலின் மதிப்பு நம் கைக்கு வராது. காயில் கருகி, பெயர்த்தகடும் இல்லாமல், இறக்கை ஒன்றும் தொலைந்திருந்தால் இந்த வழியே சரி. இறக்கைகள் எடை பார்த்துச் சேர்த்த செட். வேறொன்றை மாட்டினால் ஃபேன் ஆடும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு போன்ற பழம்பொருள் கடைகளில் கணக்கே வேறு. அங்கே முழுமைக்குத்தான் விலை: தண்டு, மேல்கிண்ணம், பழைய ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் பெயர்த்தகட்டில் கம்பெனி, வோல்ட், ஏசி மின்சாரமா டிசி மின்சாரமா என்று பாருங்கள். கம்யூட்டேட்டரும் (செம்புப் பட்டைகளால் ஆன வளையம்) அதை உரசும் கார்பன் பிரஷும் இருந்தால் அநேகமாக டிசி. வீட்டு லைனில் கொடுத்துப் பார்க்கவே கூடாது. ஏசி என்றால், எலக்ட்ரீஷியனை வைத்து 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் கருவி) காயிலுக்கும் உடலுக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓம்கூட வராவிட்டால் ஓட்ட வேண்டாம். பிறகு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது பல்பு வழியாகவே ஃபேனுக்கு மின்சாரம் போகும்படி, போட்டுச் சோதிக்கலாம்; முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். பருத்தி உறை வயர் தொட்டாலே உதிரும், அதை மாற்றிய பிறகே ஓட்டிக் காட்டுங்கள்.

விற்கும் முன் பெயின்ட் அடிப்பதுதான் பெரிய தவறு. பழைய எனாமலும் தகட்டின் எழுத்தும் மறைந்தால் வாங்குபவருக்கு அடையாளமே போய்விடும். மெல்லிய சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.