நெடுந்தீவுக்குத் ‘தனிப் படகு’ என்று முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

முகநூலில் குதிரைப் படங்களாகப் போட்டுத் தள்ளும் ஒரு சுற்றுலாப் பக்கத்துக்கு 42,000 ரூபாய் கட்டி ஏமாந்து நிற்கிறோம். பெயர் போடவில்லை, போட்டால் நாளைக்கு வேறு பெயரில் பக்கம் திறப்பார்கள். ஆள் யாழ்ப்பாணம்தான்.

கனடாவில் இருந்து வந்த அத்தைக்கு, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் இருக்கும் நெடுந்தீவு பார்க்க வேண்டும். 2015இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம், காட்டுக் குதிரை, பவளக்கல் வேலி, பெருக்கு மரம் (பாவோபாப்) எல்லாம் காட்டலாம் என்று நாங்களும் துள்ளினோம். ஆனால் 1985இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலைக்குப் பிறகு அந்தக் கடலில் ஏறுவதென்றாலே அத்தைக்கு நடுக்கம். சனம் நெருங்கி நிற்கிற படகில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டார்.

இதைத் தொலைபேசியில் சொன்னதும் அந்தப் பக்கத்தை நடத்தும் பொடியன் குரலையே மாற்றிக்கொண்டான். “அக்கா, எங்கட அம்மம்மாவும் அப்படித்தான். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. தனிப் படகு, உங்கட ஆக்கள் மட்டும். அத்தையை நானே கைபிடிச்சு ஏத்துவன்.” படகின் வீடியோ வந்தது, பாதுகாப்பு அங்கியின் படம் வந்தது. தீவில் வாகனம், வழிகாட்டி, மீன் குழம்போடு சாப்பாடு, குதிரைகள் மேயும் வெளி, குவிந்தா என்கிற பழைய கோபுரம், கற்கரை எல்லாம் அந்தக் காசுக்குள் என்றான். அத்தையோடும் பேசினான். “ஆச்சி, எந்தக் கோயிலடியில உங்கட வீடு?” என்று அவன் கேட்க, அத்தை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குத்தான் 42,000 ரூபாயையும் அன்று இரவே வங்கிக் கணக்கில் போட்டோம்.

விடியப் படகு ஏறும் துறையான குறிகாட்டுவானுக்குப் போனால் ஆளும் இல்லை, படகும் இல்லை. ஒரு குரல் பதிவு மட்டும் வந்தது: “அக்கா, எஞ்சின் பழுது. எல்லாரும் போற படகில வாங்கோ, அங்க எங்கட ஆள் நிப்பார்.” அத்தையின் முகம் வெளிறிப் போனது. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். டீசல் மணத்துக்குள் ஒரு மணித்தியாலம் என் கையை விடவேயில்லை.

தீவில் ‘எங்கட ஆள்’ என்று ஒருவரும் நிற்கவில்லை. துறையில் நின்ற பிக்கப்காரர் ஒருவர் நிலைமையைக் கேட்டு நியாயமான கூலிக்கு ஏற்றினார். (தீவுச் சனத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.) அவர் பெருக்கு மரத்தையும் ஒல்லாந்தர் கோட்டை இடிபாட்டையும் காட்டினார். குதிரைகளைத் தூரத்தில்தான் பார்த்தோம். பின்னேரப் படகைத் தவறவிடக் கூடாதென்று கோபுரத்துக்குப் போகாமலே திரும்பினோம். சாப்பாடு, கடையில் வாங்கிய பிஸ்கட்.

அப்புறம்தான் கூத்து. முதலில் “படகுக்காரன்ட பிழை அக்கா, அவனிட்டக் கேக்கிறன்.” பிறகு “கணக்குப் பாக்கிறவர் லீவில.” பிறகு “அரைவாசி தாறன், ஒரு கிழமை பொறுங்கோ.” பொறுத்தோம். கிழமை முடிய “நீங்கள் தீவுக்குப் போய் வந்திட்டீங்கள்தானே, பிறகென்ன காசு?” என்று கேட்டான்! போனது எங்கள் காசில், வந்தது எங்கள் காசில், அவனுக்கு 42,000 ரூபாய் எதற்கு? திருப்பிக் கேட்டதும் வட்சப்பில் தடுத்துவிட்டான். முகநூலில் நான் எழுதிய கருத்து அழிந்துபோனது. நேற்றும் அதே படகு வீடியோவைப் போட்டிருக்கிறான், கீழே ஆட்கள் விலை கேட்கிறார்கள். வங்கியில் “நீங்களாகப் போட்ட காசு” என்று கையை விரித்தார்கள். பொலிசில் முறைப்பாடு எழுதியாயிற்று, பார்ப்போம்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து 776 பஸ் குறிகாட்டுவானுக்குப் போகிறது. அங்கே போய்ப் படகைக் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள். வாகனத்தைத் தீவில் இறங்கிக் கூலி பேசிப் பிடியுங்கள். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேளுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் கடல் பொல்லாதது, வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். குடிதண்ணீர் கொண்டு போங்கள். இதே வீடியோவைக் காட்டி உங்களிடமும் யாராவது காசு கேட்டிருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், முறைப்பாட்டோடு சேர்க்க வேண்டும்.