பொம்மைத் துப்பாக்கி: பிரிட்டன் வழியா, அமெரிக்க வழியா?

பிரிட்டனில் 18 வயது நிறையாதவருக்குப் போலித் துப்பாக்கி விற்றால் கடைக்காரர் குற்றவாளி. வாங்கும் பிள்ளையும் குற்றவாளிதான். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அசல் என்று மயங்கவைக்கும் போலிகளை அங்கே யாருக்குமே விற்க முடியாது. நாடகம், திரைப்படம், அருங்காட்சியகம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பளிச்சென்ற சிவப்போ மஞ்சளோ ஊதாவோ முதன்மை நிறமாக இருந்தால் தப்பிக்கலாம். உயரம் 38 மி.மீ., நீளம் 70 மி.மீ. எட்டாத குட்டித் துப்பாக்கிக்கு அந்தக் கவலையும் இல்லை. (அப்பா வாங்கிப் பரிசளித்தால் வயதுத் தடை எட்டிப் பார்க்காது என்பது வேறு கதை.)

அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் வயதையே கேட்பதில்லை. குழல் வாயில் ஓர் ஆரஞ்சு அடைப்பு போதும். விளிம்பிலிருந்து 6 மி.மீ.க்கு மேல் உள்ளே போகக் கூடாது. மற்றதெல்லாம் கறுகறுவென்று இருக்கலாம். 2014 நவம்பரில் கிளீவ்லாந்துப் பூங்காவில் 12 வயது டாமிர் ரைஸ் வைத்திருந்த ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் போலி) துப்பாக்கியில் அந்த ஆரஞ்சு முனை இல்லை. போலீஸ் கார் வந்து நின்ற இரண்டு நொடிகளுக்குள் சுட்டுவிட்டார்கள். கலிபோர்னியா மாநிலம் 2016 முதல் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளுக்கு விசைக்காப்பு (விசையைச் சுற்றிய வளையம்), கைப்பிடி என்று கூடுதல் வண்ணம் கேட்கிறது.

எனக்குப் பிரிட்டன் வழியே சரியாகப் படுகிறது. வண்ணத்தை அழித்து அசல்போல மாற்றுவதையும் அது குற்றமாக்கியிருக்கிறது.