முழு ஓய்வா, படிப்படியான ஓய்வா?

பணியை ஒரே நாளில் முற்றாக விடுவதற்கும், வாரத்தில் 2 அல்லது 3 நாள் வேலையாகக் குறைத்து மெல்ல விலகுவதற்கும் உள்ள வேறுபாடு முதல் சில மாதங்களில் அவ்வளவாகத் தெரிவதில்லை. முற்றாக விட்டவருக்கு அக்காலம் நீண்ட விடுமுறைபோல் இனிக்கும். முதுமையியல் அறிஞர் ராபர்ட் ஆட்ச்லி 1976-இல் ஓய்வுக்காலத்தைப் பல கட்டங்களாகப் பிரித்தபோது, இதைத் தேனிலவுக் கட்டம் என்றும், அதைத் தொடர்வதை ஏமாற்றக் கட்டம் என்றும் குறித்தார். அலாரம் இல்லாமலேயே பழைய நேரத்துக்கு விழித்து, செய்தித்தாளை விளம்பரம்வரை படித்து முடித்தும் மணி 9-ஐத் தாண்டாத காலையில்தான் அந்த ஏமாற்றம் பிடிபடும். மெல்ல விலகுபவருக்கு இவ்வெறுமை சிறுகச் சிறுக வருவதால் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. வருமானமும் சட்டென நிற்பதில்லை. ஆகவே, உடல் களைத்தவர்களைத் தவிர்த்து மற்றவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆனாலும், நேற்றுவரை தம் கையொப்பத்துக்குக் காத்திருந்தவரிடமே இன்று விடுப்பு கேட்டு நிற்பது (பதவிப் பெருமை லேசில் இறங்குவதில்லை) எல்லோருக்கும் ஒத்துவராது.