பாட்டம் பிராக்கெட்: கப்-கோனா, கார்ட்ரிட்ஜா, வெளிக் கப்பா?

சைக்கிள் மிதிக்கும்போது 'கடக் கடக்' சத்தம். பெடலைத் தாங்கும் கையான கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம். பெடலும் கிராங்க் போல்ட்டும் இறுக்கமாகவே இருக்கின்றன என்றால் பாட்டம் பிராக்கெட்டைத்தான், அதாவது இரண்டு கிராங்கையும் இணைக்கும் ஆக்சில் சுழலும் பேரிங் தொகுதியைத்தான், கழற்ற வேண்டும். தினமும் ஓடும் வண்டி என்றால் என் ஓட்டு கார்ட்ரிட்ஜுக்கு. காரணம், மூன்றையும் இறுக்கும் விதம் வேறு வேறு.

கப்புக்குள் தனித்தனி பால்ரஸ்கள் ஓடும் கப்-கோனை இறுக்குவது முழுக்கக் கைப்பழக்கம். பக்கத்துக்கு 11 வீதம், கால் அங்குல பால்ரஸ்களைக் கிரீஸில் பதிக்க வேண்டும். வலது கப்பை முழு பலத்தோடு இறுக்கலாம். வம்பெல்லாம் இடது கப்பில்தான். ஆட்டம் நின்ற இடத்தில் கப்பை விட்டுவிட்டு, அதைப் பூட்டும் லாக் ரிங்கை மட்டும் முறுக்கினால், கப்பும் கூடவே சுற்றி இறுகிவிடும். கப்பை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் ரிங்கை முறுக்க வேண்டும். அப்புறம் ஆக்சிலை விரலால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போல் நெருடினால் கப்பைத் துளி தளர்த்தி மறுபடி பூட்டுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் செலவு மிகக் குறைவு: பெரும்பாலும் பால்ரஸும் கிரீஸும் மாற்றினாலே போதும்.

பேரிங்கும் ஆக்சிலும் ஒரே மூடிய உருளையாக வரும் கார்ட்ரிட்ஜில் இப்படித் தடவித் தேடும் வேலையே இல்லை. பேரிங் இடைவெளி தொழிற்சாலையிலேயே அமைந்துவிடுகிறது. சைக்கிள் பாக நிறுவனமான ஷிமானோ இதை இறுக்கச் சொல்லும் முறுக்குவிசை 50 முதல் 70 நியூட்டன் மீட்டர். முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரென்ச் இல்லையா? 30 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் விசை ஏறக்குறைய அது. நம்மில் பலர் இவ்வளவு பலம் கொடுப்பதில்லை, அதனால்தான் கொஞ்ச நாளில் கழன்று சத்தம் போடுகிறது. ஆக்சில் நீளம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று அளந்து வாங்குங்கள், இல்லையென்றால் செயின் கோடு, அதாவது முன்னும் பின்னும் செயின் நேராக ஓடும் வரி, விலகும். தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், அது ஒரு குறை.

பேரிங் சட்டத்துக்கு வெளியே உட்காரும் ஹாலோடெக் II வகை வெளிக் கப் எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் கிராங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். கப்புக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். இடது கிராங்கின் பிளாஸ்டிக் மூடிக்கோ 0.7 முதல் 1.5தான், விரல் பலமே போதும். அதைப் பலமாக முறுக்கினால் பேரிங் சீக்கிரம் போய்விடும். கிராங்கின் இரண்டு போல்ட்டுகளை மாறி மாறி 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். மரையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் பிரஸ்-ஃபிட் வகையைக் கடையில் கொடுத்துவிடுவதே நல்லது.

எதைப் போட்டாலும் மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். வழக்கமான பி.எஸ்.ஏ. (ஆங்கில) மரையில் வலது கப் எதிர்மரை, இடஞ்சுழியாகச் சுற்றினால்தான் இறுகும். ஸ்பேனர் மேல்நோக்கி நிற்க, அதைப் பின்சக்கரப் பக்கம் தள்ளினால் இரண்டு கப்புமே இறுகும், முன்சக்கரப் பக்கம் தள்ளினால் கழலும். கப்பில் 36×24 என்று பொறித்திருந்தால் அது இத்தாலிய மரை. அதில் வலது கப்பும் சாதா மரைதான்.