சாமி ஏரி மலையேற்றம் என்று சொல்லி 9,600 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்: கிருஷ்ணகிரி, தருமபுரி மக்கள் கவனத்திற்கு

தேன்கனிக்கோட்டை அருகே அய்யூர் காட்டிலுள்ள சாமி ஏரிக்கு ஒரு நாள் மலையேற்றம் அழைத்துச் செல்வதாகச் சொல்லி, தலைக்கு 1,600 வீதம் எங்கள் குடும்பத்தார் ஆறு பேருக்கு 9,600 ரூபாய் வாங்கிக்கொண்டு, சமூக ஊடகத்தில் பக்கம் நடத்தும் ஒரு சுற்றுலாக் குழுவினர் கைவிரித்துவிட்டார்கள். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 தடங்களில் அய்யூர் – சாமி ஏரியும் ஒன்று. அந்தப் பெயரைச் சொல்லியே இவர்கள் ஆள் பிடிக்கிறார்கள். தொலைபேசியில் பேசியவர், "அண்ணா, நானும் கிருஷ்ணகிரிக்காரன்தான், நம்ம ஊர்க்காரங்களையே ஏமாத்துவேனா?" என்று கேட்டார். அக்கா பிள்ளைகளால் நடக்க முடியுமா, மாமாவுக்கு மூட்டுவலி இருக்கிறதே, சாப்பாடு எங்கே என்று நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, அரசு முத்திரையுடன் ஓர் அனுமதிக் கடிதத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். முத்திரையைப் பார்த்த பிறகுதான் பணத்தை அனுப்பினேன்.

ஞாயிறு விடியற்காலையில் புளிசாதம் கட்டிக்கொண்டு வேன் பிடித்து அய்யூர் போய்ச் சேர்ந்தோம். வருவதாகச் சொன்ன வழிகாட்டி வரவில்லை. அங்கிருந்த வனக்காவலர் என் கைபேசியை வாங்கி, கடிதத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினார். தேதி இருந்த இடத்தில் மட்டும் தாளின் நிறம் வெளுத்திருந்தது. எழுத்தும் மற்ற எழுத்துகளைவிடத் தடித்திருந்தது. வேறு யாருக்கோ கொடுத்த பழைய கடிதத்தின் தேதியை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அன்றைய பட்டியலில் எங்கள் பெயரே இல்லை என்று அவர் மரியாதையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

என்னால் பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். தொலைபேசியில் அழைத்தபோது அந்த மனிதர் கொஞ்சமும் கூசாமல், கிராமத்துப் பக்கமாக வேறு வழி இருக்கிறது, ஓர் ஆளை அனுப்புகிறேன், காவலர் கண்ணில் படாமல் போய்விடலாம் என்றார். ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இந்தக் காடுகளுக்குள் இறங்குவது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டதையும் யாரும் மறந்திருக்க முடியாது. அதெல்லாம் தெரிந்தும், ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தைத் திருட்டு வழியில் காட்டுக்குள் அனுப்பத் துணிந்தவரை வெறும் பணமோசடிக்காரர் என்று மட்டும் நான் எப்படிச் சொல்வது?

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சே மாறிவிட்டது. முதலில், பணம் வனத்துறைக்குக் கட்டியாகிவிட்டது என்றார். ரசீது கேட்டால் கணக்குப் பார்ப்பவர் ஊரில் இல்லை என்றார். அடுத்து, 9,600 ரூபாய்க்குப் பதிலாக வேறொரு நாள் ஒகேனக்கல் அழைத்துப் போகிறேன் என்று பேரம் பேசினார். பிறகு ஒரு பெண் அழைத்து, பதிவு செய்த பணம் திரும்பக் கிடையாது என்பது விதிமுறையிலேயே இருக்கிறது என்று பாடம் நடத்தினார். அந்த விதிமுறை பணம் கட்டும் முன் என் கண்ணில் காட்டப்படவே இல்லை. இப்போது என் எண்ணையே முடக்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்திலோ அதே ஏரிப் படத்துடன் அடுத்த வாரத்துக்கான விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

விரிவாக யோசனை சொல்லும் மனநிலையில் நான் இல்லை. சாமி ஏரியோ குத்திராயன் சிகரமோ, மலையேற்றத்துக்கு வனத்துறையின் சொந்த இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். தனியாள் கணக்குக்கு ஜிபே செய்யாதீர்கள். யாராவது கடிதத்தைப் படமாக அனுப்பினால், புறப்படும் முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு வழி இருக்கிறது என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். நானும் அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். 9,600 ரூபாயில் ஒரு பைசாகூட இன்னும் வரவில்லை.