‘அ’வில் தொடங்குவதா, ‘ட’வில் தொடங்குவதா? முதல் எழுத்துப் பாடம் ஓர் அலசல்

எல்.கே.ஜி. முடித்த பிள்ளை அ முதல் ஃ வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். ‘படம்’ என்று பலகையில் எழுதிக் கேட்டால் விழிக்கும். பிள்ளை மந்தம் என்று இதற்குப் பொருளில்லை. அதற்கு எழுத்துகளின் வரிசையைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம், வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. எழுத்து அறிமுகத்துக்குத் தமிழில் மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: அ, ஆ என்று நெடுங்கணக்கு வரிசையில் போவது, ட, ப, ம என்று எளிய வடிவங்களில் தொடங்குவது, முழுச் சொல்லைப் படத்தோடு காட்டிப் பழக்குவது.

நெடுங்கணக்கு வரிசை

இதன் பலம் வாயில் இருக்கிறது. பாட்டாகப் பாடலாம், ஆத்திசூடியோடு சேர்க்கலாம், வீட்டில் தாத்தா பாட்டிக்கும் தெரியும். குறில், நெடில் வேறுபாட்டை அ–ஆ, இ–ஈ என்று இணைசேர்த்துக் காதுக்குப் பழக்க இதைவிட நல்ல வழி இல்லை.

சிக்கல் கையில் தொடங்குகிறது. பிள்ளையின் கை பொதுவாக மூன்று வயதையொட்டி வட்டம் போடும், நான்கையொட்டி கூட்டல் குறி போடும், சதுரத்துக்கு இன்னும் சில மாதம் பிடிக்கும். ‘அ’வுக்கோ சுழி, பெரிய வளைவு, குறுக்குக்கோடு, செங்குத்துக்கோடு என நாலும் ஒன்றாக வேண்டும். ‘இ’ அதைவிடக் கடினம். மூன்றரை வயதில் புள்ளி வைத்த ‘அ’வின் மேல் ஐம்பது முறை இழுக்கச் சொன்னால் பிள்ளை புள்ளிகளைத்தான் பின்தொடரும், புள்ளியை எடுத்துவிட்டால் எழுத்து வராது.

அடுத்தது வாசிப்பு. உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் சேர்த்து 13 எழுத்து முடித்த பிள்ளை எத்தனை சொல் வாசிக்கும்? ஈ ஒன்று. பசுவை ‘ஆ’ என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. ‘அ – அம்மா’ என்ற அட்டையில் உள்ள அம்மாவை வாசிக்க ‘ம்’ தெரியவேண்டும், துணைக்காலும் தெரியவேண்டும். அதுவரை அது படத்துக்குக் கீழே உள்ள அலங்காரம். மெய்க்குப் போனாலும் இரண்டாவதாக நிற்பது ‘ங்’. ஆத்திசூடியில் ‘ஙப்போல் வளை’ தவிர ஙகர வரிசைக்குப் பிள்ளையிடம் வேலையே இல்லை. அங்கு, இங்கு என்று புள்ளியோடு வருவதே அதன் பிழைப்பு.

பலரும் கவனிக்காத இன்னொன்று, அட்டையில் உள்ள படங்கள். ‘இ’க்கு இலை, ‘உ’வுக்கு உரல். பேச்சில் இலை ‘எல’, உரல் ‘ஒரல்’. படத்தைப் பார்த்துப் பிள்ளை சொல்லும் முதல் ஒலி எ, ஒ. ஆசிரியர் இ, உ என்று திருத்துகிறார், பிள்ளைக்குக் காரணம் புரிவதில்லை. இட்லி, இஞ்சி, உப்பு, உண்டியல் என்று பேச்சிலும் மாறாத சொற்களுக்குப் போனால் இந்தக் குழப்பம் எழாது.

ட, ப, ம

‘ட’ இரண்டே இழுப்பு: கீழே, வலப்பக்கம். இன்னொரு கோட்டை மேலே ஏற்றினால் ‘ப’. அதோடு ஒரு வளைவு சேர்ந்தால் ‘ம’. இந்த மூன்றோடு புள்ளியும் வந்துவிட்டால் படம், பட்டம், மடம், மட்டம் நான்கும் வாசிப்புக்கு வந்துவிடும். மேலே க, ச, ர, ல, வ ஐந்தைச் சேர்த்தால் கல், பல், கடல், மரம், மலர், கப்பல். எட்டு எழுத்தில் முழு வாக்கியமே கிடைக்கிறது: சக்கரம் வட்டம். தானே ஒரு வாக்கியத்தை வாசித்த பிள்ளையின் முகம், 13 எழுத்தை ஒப்பித்த பிள்ளைக்கு வராது.

வாரத்துக்கு இரண்டு புதிய எழுத்து போதும். மூன்றாவது வாரம் புதிது எதுவும் வேண்டாம், பழையவற்றில் சொல் கட்டவேண்டும். தாம்பாளத்தில் விரல் தடிமனுக்கு மணலோ அரிசியோ பரப்பி விரலால் எழுதுவது, பிறகு தரையில் சுண்ணாம்புக்கட்டி, பிறகு சிலேட்டு, கடைசியில் நோட்டு. விரலை இழுக்கும்போதே ‘ட’ என்று ஒலிக்கவேண்டும். வாய் மூடிய எழுத்துப் பயிற்சி வெறும் ஓவியம்.

இந்த முறைக்கும் குழிகள் உண்டு. தமிழ்ச்சொல் எதுவும் ‘ட’வில் தொடங்காது. எனவே ‘ட – டம்ளர்’ என்று இழுத்துக்கொண்டு வராமல், படம், வடம் என்று சொல்லின் நடுவில் கேட்கப் பழக்கவேண்டும். வடிவம் ஒத்த எழுத்துகளை அடுத்தடுத்துக் கொடுப்பதால் கைக்கு எளிது, கண்ணுக்குக் குழப்பம்: ப, ம, ய மூன்றும் கலக்கும். ஒன்று உறுதியாகும்வரை அடுத்தது வேண்டாம். எல்லாவற்றிலும் மோசமானது ரகரமும் துணைக்காலும். கால் நீண்டால் ர, நீளாவிட்டால் துணைக்கால். மரத்தை ‘மாம்’ என்று வாசிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் இரண்டும் ஒரே மாதத்தில் அறிமுகமாகியிருக்கும். இடையில் குறைந்தது ஆறு வாரம் விடுங்கள்.

புள்ளி எழுத்தின் பெயரும் காலை வாரும். ‘இம்’ என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை ‘பட-இம்’ என்று கூட்டும். ‘ம்’ என்றால் உதட்டை மூடி முனகினால் போதும். ‘ட்’டை அப்படி நீட்ட முடியாது, ஆகவே பட்–டம், கப்–பல் என்று சொல்லையே உடைத்துக் கைதட்டவேண்டும். ‘கம்பம்’ என்பதில் பகரம் வேறாக ஒலிப்பதைப் பற்றித் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் நடத்தவேண்டியதில்லை, சொல் தெரிந்தால் வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். தெலுங்கோ உருதோ பேசும் வீட்டுப் பிள்ளைக்கு முதலில் அந்தச் சொல்லைக் காதில் போடவேண்டும்.

முழுச் சொல்

தன் பெயர், அம்மா, பள்ளியின் பெயர் ஆகியவற்றை அடையாளம் காண இது நல்லது. அதற்குமேல் தமிழில் ஓடாது. மரம் அடுத்த வரியிலேயே மரத்தில், மரங்கள் என்று உருமாறிவிடும். கண் மனப்பாடம் செய்த வடிவம் திரும்ப வருவதில்லை. படத்தைப் பார்த்து ஊகிக்கும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். கிண்ணம் என்றிருக்கும் இடத்தில் ‘சட்டி’ என்று ‘வாசித்தால்’, படத்தை உள்ளங்கையால் மூடிவிட்டு மறுபடி கேளுங்கள்.

உயிர்மெய்க்கு வரும்போது

இங்கும் இரண்டு கட்சி. க, கா, கி, கீ என்று வரிசையாக ஓட்டுவது ஒன்று. துணைக்காலை எடுத்துக்கொண்டு கா, பா, மா, டா என்று குறியீடாகப் போவது மற்றது. இதில் தயங்க ஒன்றுமில்லை, குறியீட்டு வழியே மேல். வரிசையில் பழகிய பிள்ளைக்குத் தனியாகக் ‘கெ’யைக் காட்டினால் ‘க’விலிருந்து பாடிக்கொண்டே வந்தால்தான் பிடிபடும். துணைக்கால் ஒன்று புரிந்தால் தெரிந்த எட்டு மெய்யும் எட்டுப் புது எழுத்தாகிவிடும்: பால், கால், பாடம் என்று சொல்லும் பெருகும்.

இரண்டு இடத்தில் மட்டும் குறியீடு கைவிடும். உகர, ஊகார வரிசையில் கு, சு, து என்று ஆளுக்கொரு வடிவம். 18 மெய்க்கும் சேர்த்து இந்த 36 எழுத்தைத் தனித்தனியாகத்தான் பழகவேண்டும், 216-இல் ஆறில் ஒரு பங்கு. இன்னொன்று ஒற்றைக்கொம்பு. காதில் கடைசியாக விழுவது தாளில் முதலில் நிற்கிறது. ‘பெ’ எழுதச் சொன்னால் பகரத்தைப் போட்டுவிட்டுக் கொம்பை வலப்பக்கம் மாட்டும் பிள்ளைக்குக் காது சரியாகவே வேலைசெய்கிறது. அட்டையில் கொம்பைத் தனியாக வெட்டி, இடப்பக்கம் வைக்கும் விளையாட்டாக ஒரு வாரம் ஆடினால் சரியாகும். ‘கௌ’வைக் கடைசிக்குத் தள்ளலாம், ‘கெள’ என்று வாசிப்பதைத் திருத்தும் நேரத்துக்கு அதன் பயன் ஈடாகாது.

எந்த வயதுக்கு எது

அங்கன்வாடி, எல்.கே.ஜி. வயதுக்கு நெடுங்கணக்கைப் பாட்டாக மட்டும் கொடுங்கள், எழுதவேண்டாம். கைக்குக் கோடு, வட்டம், களிமண், கிழித்து ஒட்டுவது. யு.கே.ஜி.யின் பிற்பாதியிலோ ஒன்றாம் வகுப்பிலோ ‘ட’வில் எழுத்து தொடங்கட்டும். அகர வரிசை எழுத்தில் தேவைப்படுவது அகராதி புரட்டும் வயதில்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் 2003-இல் சென்னை மாநகராட்சியில் தொடங்கிய செயல்வழிக் கற்றலின்போதே ஒரே வேகத்தில் வகுப்பை ஓட்டும் பழக்கத்தை விட்டன. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் ஒரே வகுப்பைத்தான் பிள்ளைகளின் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. தனியார் நர்சரியில் எல்லா எழுத்தும் ‘முடித்து’ வரும் பிள்ளையை எங்கே உட்காரவைப்பது என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். படமில்லாத தாளில் மடம், கப்பல், மலர், பட்டம், கடல் என்று ஐந்து சொல். அவற்றில் நான்கையாவது சரியாக வாசித்தால் எழுத்து கூடிவிட்டது. ‘ம’வைக் காட்டி எது என்று கேட்டாலே க, ங, ச என்று வரிசையைப் பாடத் தொடங்கினால், நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியிருந்தாலும் ‘ட’விலிருந்து ஆரம்பிக்கவேண்டியதுதான்.